ராசா என்று எழுதிய கதவு

அன்புள்ள ராசாவுக்கு, அம்மா எழுதுவது.

இங்கே நாங்கள் எல்லோரும் உயிரோடு இருக்கிறோம், நீ அங்கே உடம்புக்கும் மனசுக்கும் குறையில்லாமல் இருக்கிறாயா என்று தெரிந்துகொள்ள ஆசை. உயிரோடு என்று ஏன் எழுதினாள் என்று திடுக்கிடாதே, நலம் என்று எழுதினால் பொய்யாகிவிடும், அதனால்தான். எனக்கு இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு, அப்பாவுக்கு முன்பல் இரண்டு போயிற்று, உன் தங்கையின் வீட்டுக்காரருக்கு இரண்டு உள்ளங்கையிலும் தையல். நான் கத்தி பிடிக்கிற வலது கை தப்பியது, பேனா பிடிப்பதும் அதே கைதான், அதனால் கடைக்கும் நஷ்டமில்லை உனக்கும் நஷ்டமில்லை. உன் தங்கை போனில் உன்னிடம் 'தெருவுல சின்னத் தகராறு, அம்மா வழுக்கி விழுந்துட்டாங்க' என்று சொன்னாளாம். இருபது வருஷமாகக் கொழுப்பும் ரத்தமும் படிந்த தரையில் நின்று கறி வெட்டுகிறவள், வழுக்கி விழுகிற ஆளா நான்? நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். போனில் சொன்னால் நீ நடுவில் புகுந்து 'அம்மா, நான் சொல்றத மொதல்ல கேளு' என்பாய், உன் குரலைக் கேட்டதும் எனக்குக் கோபம் இறங்கிவிடும். இந்தத் தடவை அது இறங்கக் கூடாது ராசா, சூடு ஆறாமல் உன் கைக்கு வந்து சேர வேண்டும். அதனால்தான் கடிதம். பாதியில் மடித்து வைக்காமல் கடைசி வரை படி.

முதலில் உன் தங்கை எங்கே இருக்கிறாள் என்று சொல்ல வேண்டும். அவள் பேட்டரிக்கடை மாடியில் குடியிருந்தது உனக்குத் தெரியும், இரண்டு அறை, அமில நெடி, பேத்திப் பொடிசுக்கு ஓயாத இருமல். அதற்கே அந்தக் கடைக்காரன் வாடகையை ஏற்றிக்கொண்டே போனான், கேட்டால் 'இதைவிட அதிகமாக் குடுக்க ஆள் வாசல்ல நிக்குது' என்பான். உண்மைதான், நிற்கிறார்கள், இந்த ஊரில் எந்த வீட்டு வாசலிலும் ஆள் நிற்கிறது. கடைசியில் காலி செய்யச் சொல்லி, இவர்கள் வேறு இடம் கிடைக்கும் வரை பொறுக்கச் சொல்ல, அவன் ஒரு நாள் ஆள் கூட்டி வந்து வீட்டுக் கதவையே கீல் கழற்றித் தூக்கிக்கொண்டு போய்விட்டான். கதவில்லாத வீட்டில் பெண்பிள்ளையை வைத்துக்கொண்டு எப்படித் தூங்குவது? மாப்பிள்ளை இறங்கிப் போய் அவன் சட்டையைப் பிடித்தார், அவன் சக்கரம் கழற்றும் ஸ்பானரால் தோளில் ஓங்கி அடித்தான். அன்றைக்கே பாத்திரம் பண்டங்களை ஒரு சரக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு நம் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். முன்னால் கடை, பின்னால் இரண்டு அறை, இதுதானே நம் அரண்மனை. அப்பா தன் கட்டிலைப் பேத்திக்குக் கொடுத்துவிட்டுக் கடையில் பனிப்பெட்டி பக்கத்து பெஞ்சில் படுக்கிறார், அது விட்டுவிட்டு உறுமும், அவர் திடுக்கிட்டுத் திடுக்கிட்டு எழுவார், காலையில் கேட்டால் நன்றாகத் தூங்கினேன் என்பார். பஸ் ஓட்டின காலத்திலிருந்தே அந்த மனுஷனுக்குப் பொய் சொல்லத் தெரியாது, முகத்திலேயே தெரிந்துவிடும்.

இவ்வளவு நெருக்கடியில், எதிர்ச் சாரியில் உன் மனை புல் முளைத்துக் கிடக்கிறது. நம் தெருவின் பழக்கம் உனக்குத் தெரியாததல்ல. பிள்ளை தூரதேசம் போனால் அவன் பேரில் ஒரு மனை வாங்கி, சுற்றிச் சுவர் எழுப்பி, இரும்புக் கதவு போட்டு, அதில் வீட்டில் கூப்பிடும் பேரை எழுதிப் பூட்டி வைக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை திறந்து பெருக்கிவிட்டு மறுபடி பூட்ட வேண்டும். குட்டி, பாப்பா, சின்னத்தம்பி, செல்லம், ராசா என்று வரிசையாகக் கதவுகள். வாத்தியார் வந்து இந்தத் தெருவில் பேர் கூப்பிட்டால் உள்ளேன் ஐயா சொல்ல ஒரு பிள்ளை கிடையாது. ஆனாலும் எனக்கு அதில் எவ்வளவு பெருமை தெரியுமா? உன் கதவுக்கு வருஷா வருஷம் நானே நீலச் சாயம் அடிப்பேன். பக்கத்துத் தெருப் பிள்ளைகள் பந்து எடுக்க ஏறிக் குதிக்கிறார்கள் என்று போன கோடையில் சோடா பாட்டில்களைச் சாக்கில் போட்டு உடைத்து, சுவர் உச்சியில் சிமெண்ட் பூசி, கூர் மேலே நிற்கும்படி ஒவ்வொன்றாக நட்டதும் நான்தான். அதற்கு முன்னாலேயே, அவர்கள் பேட்டரிக்கடை மாடியில் இருந்தபோதே, ஒரு நாள் நம் வீட்டில் சாப்பிடும்போது மாப்பிள்ளை மெதுவாகக் கேட்டார், 'அத்தை, மச்சான் வர்ற வரைக்கும் அந்த மனையில ஒரு ஓரமா தகரக் கொட்டகை போட்டுக்கட்டுமா?' என்று. நான் கையிலிருந்த தட்டைச் சுவரில் வீசி அடித்தேன், 'அது என் பிள்ளையோட எடம், அதுல எவன் கால் வச்சாலும் கால வெட்டுவேன்' என்றேன். அவர் எழுந்து போய்ச் சிதறின சோற்றைப் பொறுக்கினார். நசுங்கிப் போன அந்தத் தட்டில்தான் இன்றைக்கும் அவர் சாப்பிடுகிறார், வேறு தட்டு வைத்தால் வேண்டாம் என்கிறார். உன் தங்கை வாய் திறந்து அந்த மனையைக் கேட்டதே இல்லை.

இப்படி இருக்கும்போதுதான் நகராட்சியில் புது வரி கொண்டுவந்தார்கள். இதுவரை கட்டடத்துக்கு வரி, காலி மண்ணுக்கு ஏதோ பேருக்கு ஒரு தொகை. இனிமேல் கட்டடத்துக்கு வரியே கிடையாதாம், மண்ணுக்கு மட்டும்தானாம், அதுவும் அந்த இடத்தின் மதிப்புக்குத் தக்கபடி. வீடு கட்டிப் பத்துப் பேர் குடியிருந்தாலும் ஒரே வரி, பூட்டிப் போட்டுப் புல் வளர்த்தாலும் அதே வரி. வரும் பணத்தில் நகராட்சியே வாடகை வீடுகள் கட்டிவிடுமாம். எனக்கு அப்போது இதில் ஒரு எழுத்துகூட விளங்கவில்லை. விளங்கவைத்தவர் மதில்காரர். பஸ் நிறுத்தத்திலிருந்து தண்ணீர்த் தொட்டி வரைக்கும் உள்ள காலி மனையெல்லாம் வாங்கி மதில் எழுப்பி வைத்திருக்கிறாரே, அவரேதான். தன் கிடங்கில் நாற்காலி போட்டு, டீ கொடுத்து, எங்களை உட்கார வைத்துக் கண்ணில் தண்ணீர் வரப் பேசினார். 'என்னை விடுங்க, எனக்கு நாலு மனை போனா போகுது. உங்க புள்ளைங்க வேர்வை சிந்துற எடத்துல இருந்து திரும்பி வந்தா கால் வைக்க மண்ணு வேணாமா? அதைத்தான் புடுங்கப் பாக்குறாங்க. அளந்தாத்தான் வரி போட முடியும், அளக்க விடாதீங்க' என்றார். ஓய்வுபெற்ற தையல்காரர் மட்டும் எழுந்து, அவர் பெரிய தோட்டத்தோடு தனியாக இருப்பவர், கையில் வருமானம் இல்லை, 'எனக்கு நெசமாவே பயமா இருக்குய்யா, நான் எங்க போயி வரி கட்டுவேன்' என்று நடுங்கினார். அதைப் பார்த்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது. மதில்காரர் என்னைப் பார்த்து 'அக்கா மாதிரி ஒருத்தர் முன்னாடி நின்னா போதும்' என்றார். நான் நின்றேன். குளிர்ந்து போகிற மாதிரி ஒரு வார்த்தை சொன்னால் போதும், எனக்குப் புத்தி எங்கே போகிறதென்றே தெரியாது.

அளக்கிறவர்கள் வந்த அன்று தெரு முழுக்க நாங்கள்தான். அவர்களுக்குத் தலைவியாக வந்தது ஒரு பெண் அதிகாரி, ஒல்லியாக இருந்தார், குரல் மட்டும் கணீரென்று. 'யார் மண்ணையும் யாரும் எடுக்கலைங்க, அளந்துட்டுப் போயிடுறோம்' என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே எங்கிருந்தோ ஒரு செங்கல் வந்து அவர் கருவியை முக்காலியோடு சாய்த்தது. அவ்வளவுதான். யார் யாரை அடிக்கிறோம் என்று தெரியாமல் அடித்தோம் ராசா. பாப்பாவின் அம்மா துடைப்பக்கட்டையால் ஒருவன் முதுகில் வெளுத்தாள், சின்னத்தம்பியின் அப்பா, நடக்கவே மூச்சு வாங்கும் மனுஷன், ஒரு பையனின் காதைப் பிடித்துத் தரையோடு இழுத்தார். நான் கடையிலிருந்து எலும்பு வெட்டும் கத்தியோடு ஓடினேன். வெட்ட அல்ல, மிரட்டத்தான் என்று இப்போது எழுதுகிறேன், அந்த நேரத்தில் எனக்கே அது தெரியாது. உன் கதவுக்கு நேரே, அளக்க வந்தவர்களின் தொப்பி போட்ட ஒருவன் அளவுக்கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். முதுகுதான் தெரிந்தது. என் பிள்ளையின் கதவில் கம்பைச் சாய்க்கிறானா என்று கத்தியை ஓங்கிக்கொண்டு கத்திக்கொண்டே பாய்ந்தேன். அவன் தொப்பி முகத்தை மறைக்கத் திரும்பிப் பார்த்துக் கம்பைப் போட்டுவிட்டு ஓடினான், ஓட வழியில்லாமல் உன் சுவரில் தாவினான். இரண்டு கையையும் உச்சியில் ஊன்றினான். நான் நட்ட கண்ணாடி.

அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அப்படியே சுவரைத் தாண்டி உள்ளே விழுந்தான், விழும்போது தொப்பி இந்தப் பக்கம் விழுந்தது, அப்போதுதான் முகத்தைப் பார்த்தேன். நம் மாப்பிள்ளை. ஊரில் யாரும் வீடு கட்டாததால் மின்சார வேலை இல்லாமல், எங்களிடம் சொல்லாமல், தினக்கூலிக்குக் கம்பு பிடிக்கப் போயிருக்கிறார். சாவிக்காக நான் இடுப்பில் தேடுகிறேன், அவசரத்தில் பூட்டில் சாவி போகவில்லை, அதற்குள் மதில்காரரின் ஆட்கள் இரண்டு பேர் கதவில் ஏறிக் குதித்து உள்ளே போய்விட்டார்கள். உதவத்தான் போகிறார்கள் என்று நினைத்தேன். கதவுக் கம்பிகளின் இடுக்கு வழியாகப் பார்க்கிறேன், ரத்தம் வழிகிற கைகளை மார்போடு சேர்த்துக்கொண்டு சுருண்டு கிடக்கிற மனுஷனை, விலாவிலும் வயிற்றிலும் மாற்றி மாற்றி மிதிக்கிறார்கள். 'அது என் மாப்பிள்ளைடா' என்று கத்துகிறேன், ஒருவன் திரும்பி 'யாரா இருந்தா என்ன, அளக்க வந்தவன்தான' என்கிறான். பூட்டு திறந்ததும் எனக்கு முன்னால் அப்பா உள்ளே ஓடினார். வாழ்க்கையில் பஸ் ஹாரன் அடித்துக்கூட ஒருவரைத் திட்டாத அந்த மனுஷன் மாப்பிள்ளை மேல் குப்புற விழுந்து மூடிக்கொண்டார், மிதி அவர் வாயில் பட்டது, பல் அங்கேதான் போயிற்று. நான் கத்தியைத் தெருவிலேயே போட்டுவிட்டேன், நல்ல வேளை. இடுப்பில் கறி மடிக்கும் தாள் பறக்காமல் வைக்கும் பழைய எடைக்கல் இருந்தது, அதைப் பிடித்து ஒருவன் முழங்காலில் அடித்தேன், எலும்பு விலகும் சத்தம் எனக்குப் பழக்கமான சத்தம்தான், கேட்டது. இன்னொருவன் என் இடது கையை முறுக்கினான், அதுவும் கேட்டது. அதற்குள் உன் தங்கை வந்து அவன் தலைமயிரைப் பிடித்துத் தலையைச் சுவரில் மோதினாள், ஒரு தடவை அல்ல, நானே பிடித்து இழுத்து நிறுத்தும் வரை. இவளுக்கு இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று யாரும் என்னைக் கேட்க வேண்டாம்.

ஆஸ்பத்திரியில் என்னை வராந்தா பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள், பக்கத்தில் ஒரு போலீஸ்காரப் பெண். போலீஸ் வாக்குமூலம் எழுதி வாங்கக் கேட்டபோது மாப்பிள்ளை 'நானாத்தான் சுவரேறிக் குதிச்சேன், யாரும் தொரத்தல' என்று சொல்லிவிட்டார், அதனால்தான் நான் வீட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன், இல்லாவிட்டால் வேறு இடத்திலிருந்து எழுதியிருப்பேன். அப்போது மதில்காரர் ஒரு பை ஆப்பிளோடு வந்தார். என் பக்கத்தில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, 'பசங்க அவசரப்பட்டுட்டானுங்க அக்கா, ஆஸ்பத்திரிச் செலவு என்னோடது' என்றார். என் பிள்ளையின் மனைக்குள் வைத்தே அடித்தார்களே என்றேன். அதற்கு அவர் சிரித்துக்கொண்டு சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு வார்த்தை கூட்டவில்லை. 'அந்த மனையப் பத்தி நீங்க ஏன் அக்கா இன்னும் கவலப்படுறீங்க? அதை நாந்தான் எடுத்துக்கிறேன்னு உங்க பையன்கிட்ட போன மாசமே போன்ல பேசி முடிச்சாச்சே. வரி வந்துட்டா வெல எறங்கிடும், அளக்க விடாம நிறுத்திட்டா பேசுன வெலைக்கே முடிச்சுடலாம்னு தம்பிதான் சொன்னாப்ல. உங்ககிட்ட சொல்லலையா?'

நீ சொல்லவில்லை ராசா. ஆப்பிள் பையை அப்படியே தூக்கி அவர் முகத்தில் அடித்தேன், பை கிழிந்து பழங்கள் வராந்தா முழுக்க உருண்டன, நோயாளிகள் பொறுக்கிக்கொண்டார்கள். போலீஸ்காரப் பெண் என்னைப் பிடித்து இழுத்தாள், ஆனால் கொஞ்சம் தாமதமாகத்தான் இழுத்தாள். நான் அவரை அடித்தேனா உன்னை அடித்தேனா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. நீ பக்கத்தில் இருந்திருந்தால் உன் கன்னம் பழுத்திருக்கும், அது மட்டும் தெரியும். நான் வாசலில் குரைக்கிற நாய், நீ உள்ளே விலை பேசுகிற முதலாளி, இப்படியா நாம்? உனக்காக என்று என் பெண்ணைக் கதவில்லாத வீட்டில் விட்டேன், உனக்காக என்று ஒரு நல்ல மனுஷனைக் கத்தியோடு துரத்தினேன், நீயோ துரத்தச் சொன்னவனுக்கே அந்த மண்ணை விலை பேசியிருக்கிறாய். 

கட்டிலில் மாப்பிள்ளை இரண்டு கையிலும் பெரிய கட்டோடு உட்கார்ந்திருந்தார், பொடிசு அவர் வாயில் பிஸ்கட் ஊட்டிக்கொண்டிருந்தாள். நான் கால் பக்கமாய் நின்றேன், மன்னிப்பு கேட்க எனக்கு வராது, நின்றேன். அவரே பேசினார். 'அத்தை, உங்க கத்திக்குப் பயந்து ஓடல, கையிலிருந்த கம்பால உங்களைத் திருப்பி அடிச்சுடுவேனோன்னு பயந்துதான் ஓடுனேன்' என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது, எனக்கு, கேட்டாயா? அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து அவர், 'நீங்க ஏன் அத்தை கறியை அன்னன்னைக்கே வித்துடுறீங்க, நாளைக்கு வெல ஏறும்னு வச்சுக்கக் கூடாதா?' என்று கேட்டார். கெட்டுப்போகாதா என்றேன். 'கெட்டுப்போகும். அதனாலதான் ஏழை வீட்டுக்கும் மதியத்துக்குள்ள கொஞ்சம் கறி கெடைக்குது. மண்ணு கெடாது. அதான் மதில்காரர் விக்கவே மாட்டேங்குறாரு. தண்ணிக் குழாய் நகராட்சி போட்டுச்சு, ரோடு நம்ம கட்டுன வரியில வந்துச்சு, பஸ் மாமா ஓட்டுனாரு, அவரோட மதிலு ஒரு நாளும் ஒரு வேலையும் செய்யல, வெல மட்டும் ஏறிட்டே இருக்கு. இந்த வரி அந்த மண்ணையும் கொஞ்சம் கெட வைக்குது அத்தை, வச்சிருந்தா நாறும்' என்றார். இருபது வருஷமாகக் கெடுகிற பொருளை விற்றே பிழைக்கிறவளுக்கு இதை ஒருவர் கையை அறுத்துக்கொண்டு வந்து சொல்ல வேண்டியிருந்தது. நம் வீட்டுக்கும் கடைக்கும் சேர்த்து வரி முன்னைவிடக் குறைகிறது என்று அப்புறம் அந்த அதிகாரி அம்மாவே வந்து சொன்னார், நெற்றியில் பிளாஸ்திரியோடு. தையல்காரரைப் போல வருமானம் இல்லாத வயசானவர்கள் இப்போது கட்ட வேண்டாம், என்றைக்காவது அந்த இடம் கைமாறும்போது கழித்துக்கொள்வார்களாம், இதையும் சொன்னார். அவர் பேசி முடிப்பதற்கு முன்னால் நாங்கள் செங்கல் எறிந்துவிட்டோம்.

வீட்டுக்கு வந்த மறுநாள் காலை நான் கடை திறக்கவில்லை. பக்கத்துப் பட்டறையில் சம்மட்டி வாங்கினேன். ஒரு கையால் தூக்க முடியவில்லை, உன் தங்கை ஒன்றும் கேட்காமல் வந்து பிடித்தாள், அவள் இரண்டு கை, என் ஒரு கை, மூன்று கையும் சேர்த்து அடித்தோம். முதல் அடி அந்தக் கண்ணாடி வரிசையில். எவ்வளவு ஆத்திரமோ அவ்வளவும் அடித்தோம், செங்கல் தெறித்து என் புருவம் கிழிந்தது, அவள் நகம் பெயர்ந்தது, ஒருவரும் நிறுத்தவில்லை. அப்பா வாயில் பஞ்சோடு வந்து கல்லை அள்ளி ஓரமாக அடுக்கினார். தெருவே வந்து நின்று பார்த்தது. பாப்பாவின் அம்மா 'உனக்குப் பைத்தியமாடி, நாளைக்குப் புள்ள வந்து கேட்டா என்ன சொல்லுவ' என்றாள். வந்து கேட்கட்டும், அதற்குத்தான் உடைக்கிறேன் என்றேன். அவள் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை அவள் பாப்பாவின் மனையைப் பெருக்காமல் அங்கே ஒரு கொத்தனாரோடு நின்று பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அளக்கிற வேலை போலீஸ் காவலோடு முடிந்துவிட்டது. மதில்காரரின் சுவர்களில் விற்பனைக்கு என்று பலகைகள் தொங்குகின்றன, உன்னிடம் பேசின விலைக்கு இனி அவர் வாங்க மாட்டார், அது உனக்கே தெரிந்திருக்கும், அதனால்தான் நீ நாலு நாளாகப் போன் எடுக்கவில்லையோ என்னவோ. எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதே, பேட்டரிக்கடைக்காரன் இன்னும் அந்தக் கதவைத் திருப்பித் தரவில்லை. மாப்பிள்ளையின் வலது கையில் இரண்டு விரல் மடங்கவில்லை, டாக்டர் பார்க்கலாம் என்கிறார். மின்சாரக் கம்பியை முறுக்கிப் பிழைக்கிறவருக்கு விரல் மடங்காவிட்டால் என்ன ஆகும் என்று நீயே யோசி, நான் யோசிக்க ஆரம்பித்தால் மாவுக்கட்டைச் சுவரில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

நீ ஏன் விற்கப் பார்த்தாய் என்று எனக்குத் தெரியாமலில்லை. உன் சம்பளத்தில் பாதி அங்கே வீட்டுக்காரன் கைக்குப் போகிறது, ஒரே அறையில் அடுப்பும் படுக்கையுமாய் நீயும் மருமகளும் இருக்கிறீர்கள், அங்கே ஒரு வீட்டுக்கு முன்பணம் சேர்க்கப் பார்த்திருக்கிறாய். ஆசைதானே, தப்பில்லை. நீ இருக்கிற ஊரிலும் யாரோ ஒரு அம்மா யாருக்காகவோ ஒரு மனையைப் பூட்டிக் கண்ணாடி நட்டு வைத்திருப்பாள், அதனால்தான் உனக்கு அந்த வாடகை. அதை என்னிடம் நேராகச் சொல்லியிருந்தால் நான் கத்தியிருப்பேன், இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பேன், மூன்றாம் நாள் சரி என்றிருப்பேன், உனக்குத் தெரியாதா என்னை? இப்போது கேட்கிறேன், அதட்டவில்லை, கேட்கிறேன். மனை உன் பேரில் இருக்கிறது, உன் கையெழுத்து இல்லாமல் ஒரு செங்கல் வைக்க முடியாது. பாதியைத் தங்கைக்கு எழுதிக் கொடு. மற்ற பாதி உன்னுடையது, நீ வந்து கட்டு, அல்லது கட்டிக் குடியிருக்கிற எவருக்காவது விற்றுக்கொள், மதில் கட்டுகிறவனுக்கு மட்டும் வேண்டாம். உன் பாதிக்கும் நாளைக்கு வரி வரும், புல்லுக்காக நான் அதைக் கட்ட மாட்டேன். முடியாது என்றால் அதையும் சொல், ஆனால் எழுத்தில் சொல்லாதே, போனிலும் சொல்லாதே, வந்து உன் தங்கையின் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போ.

உன் இரும்புக் கதவை உடைக்கவில்லை. மழையில் மனை சேறாகிவிட்டது, அதனால் அதைக் கழற்றிச் சேற்றின் மேல் படுக்க வைத்திருக்கிறோம், பொடிசு அதன் மேல் தாவித் தாவி நடந்து வந்து எனக்கு டீ கொண்டு வருகிறாள், உன் பேரை எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். நான் நீலச் சாயம் அடித்து வருஷக்கணக்கில் பூட்டி வைத்ததற்கு, அந்தக் கதவு இப்போதுதான் ஒரு ஆளை உள்ளே விடுகிறது. வீடு எழுந்தால் அதைத் தெருப் பக்கத்து அறைக்கு வைக்க வேண்டும் என்று உன் தங்கை சொல்கிறாள், அது நீ வந்தால் படுக்கிற அறையாம். அவளுக்கு உன் மேல் கோபமே வரவில்லை ராசா, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நீயும் மருமகளும் நோய்நொடி இல்லாமல், தலைக்கு மேல் சொந்தக் கூரையும் கதவுக்குள் நிம்மதியுமாக நீடூழி வாழ வேண்டும், என் கோபத்தில் ஒரு துளிகூட உங்கள் மேல் படக் கூடாது. குளிரில் காதைக் கட்டாமல் வெளியே போகாதே. கையெழுத்து விஷயத்தை மறக்காதே, மாப்பிள்ளையின் விரல் ஆறுவதற்குள் அஸ்திவாரம் போட்டால் அவர் கட்டிலிலிருந்தே வேலை சொல்லிக்கொண்டிருப்பார், அது அவருக்கு நல்லது. உறைக்குள் ஒரு சாவி இருக்கும், தொலைத்துவிடாதே. அது உன் கதவின் பூட்டுச் சாவி, இத்தனை வருஷம் என் இடுப்பிலேயே இருந்தது. பூட்டு இல்லை, சுவரும் இல்லை, அதனால் இனி எனக்கு அது வேண்டாம்.

இப்படிக்கு,
உன் மேல் இன்னும் கோபமாகவே இருக்கும்,
உன் அம்மா